நல்லடக்கம் செவ்வாய்க்கிழமை

யொலிமா அர்ரியெத்தாவின் வேலை, மனிதர்கள் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதை அழிப்பது. பகல் முழுக்க அதைச் செய்துவிட்டு, சாயங்காலம் பேருந்து பிடித்து அபாஹோ பேட்டைக்குத் திரும்புவாள். முகம் கழுவி, முட்டை வைத்துப் பொரித்த அரேப்பா என்ற சோள அடை ஒன்றைத் தின்றுவிட்டு, புதிய ஏச்சுகளை எழுத உட்காருவாள். இரண்டிலுமே அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கொலம்பியாவின் கரையோர நகரமான எங்கள் பர்ரங்கியாவில் இதை யாரும் முரண்பாடாக எடுத்துக்கொள்ளவில்லை. பேட்டையின் பல் வைத்தியர் வீட்டு முன்கட்டில் மிட்டாய்க் கடை இருக்கிறது. அதையும் யாரும் கேட்டதில்லை.

அழிக்கிற வேலைக்குச் சம்பளம் உண்டு. நகரத்தின் வடபகுதியில், கண்ணாடி வழியே மக்தலேனா ஆறு தெரியும் ஒரு கட்டடத்தில் அந்தக் கம்பெனி இருந்தது. உலகமெல்லாம் பரவிய ஒரு சமூக வலைத்தளம் தன் அழுக்குத் துணியை அங்கே வெளுக்கப் போட்டிருந்தது. மக்கள் புகார் செய்த பதிவுகள் யொலிமாவின் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும்: மிரட்டல், இனவெறி, பொய்ச் செய்தி. ஒவ்வொன்றுக்கும் அவள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நீக்கு, அல்லது விட்டுவை. சுவரில் 'வெறுப்புக்கு இங்கே இடமில்லை' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். அதன்கீழே, மனம் சோர்ந்தவர்களுக்காகத் தினமும் பப்பாளி நறுக்கி வைப்பார்கள்.

எழுதுகிற வேலைக்குச் சம்பளம் இல்லை, புகழ் மட்டும்தான். தவக்காலத்துக்கு முந்தைய நான்கு நாள் கூத்தான கார்னிவல் வந்தால் எங்கள் ஊரில் மன்றாட்டுமாலைக் குழுக்கள் தெருவுக்கு வரும். பாதிரியார் வேஷம், ஊதா அங்கி, கையில் பழைய தொலைபேசிப் புத்தகம் வேதாகமம் போல. கோவிலில் புனிதர்களை அழைத்து மன்றாடும் அதே ராகத்தில் மேயரையும் ஒப்பந்தக்காரர்களையும் அடுத்த வீட்டுக்காரரையும் நாறடிப்பார்கள். யொலிமா முன்னால் நின்று எடுத்துக்கொடுப்பாள்:

"சதுப்பு நிலத்தைக் காணோமின்னு சாமிகிட்ட முறையிட்டோம்;
சாமி சொன்னார்: பட்டா போட்டேன், சதுர அடிக்கு விலையிட்டேன்."

குழு கைகூப்பிப் பதில் சொல்லும்: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

அந்த ஈரடி உபால்தோவுக்காக எழுதியது. உபால்தோ அவள் மகளுக்கு ஞானத்தகப்பன். அதனால் அவளுக்கு அவன் கொம்பாத்ரே, அவனுக்கு அவள் கொமாத்ரே. எங்கள் பக்கம் கூடப்பிறந்தவனோடு பேசாமல் வருடக்கணக்கில் இருக்கலாம், கொம்பாத்ரேயோடு முடியாது. உபால்தோ குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். ஒழிந்த நேரத்தில் ஊரைப் பழுது பார்க்கக் கிளம்பிவிடுவான். ஆற்றுமுகத்துச் சதுப்பில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடி, மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அலையாத்தி மரங்களுக்குள் ஒளிந்திருந்து, கொட்ட வரும் லாரிகளின் எண்பலகைகளைப் படம் பிடித்து அவன் வெளியிட்டான். பெரிய மனிதர்கள் சிலருக்குத் தூக்கம் கெட்டது.

அவனுக்கு இன்னொரு பதவியும் உண்டு. கார்னிவலின் கடைசி நாளான செவ்வாய்க்கிழமை, குடித்துக் கூத்தடித்தே செத்துப்போன ஹோசெலித்தோ என்ற கற்பனை ஆளை ஊர் அடக்கம் செய்யும். தெருவுக்குத் தெரு ஒரு சவப்பெட்டி, ஒரு பிணம், பிணத்துக்கு ஏழெட்டு விதவைகள். விதவைகளில் பாதிப்பேர் மீசை வைத்தவர்கள். எங்கள் தெருவில் பிணம் எப்போதும் உபால்தோதான். ஒல்லியாக நீளமாக இருப்பான், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டான்.

கார்னிவல் சனிக்கிழமை காலை, யொலிமா பணியில் இருந்தபோது அவள் திரையில் ஒரு மரண அறிவிப்பு வந்தது. கறுப்புக் கட்டம், மேலே சிலுவை. நடுவில் போன வருடம் ஹோசெலித்தோவாகப் படுத்திருந்த உபால்தோவின் படம். 'உபால்தோ பெர்த்தெல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நல்லடக்கம் செவ்வாய்க்கிழமை. அனைவரும் வருக.' யாரோ இதைப் பற்றிப் புகார் செய்திருந்தார்கள். யார் என்பதைத் திரை காட்டாது.

அந்த வாரம் ஊர் முழுக்க இப்படிப்பட்ட அறிவிப்புகள்தான் உலவிக்கொண்டிருந்தன. கொழுந்தனுக்கு, மேலதிகாரிக்கு, தோற்றுப்போன கால்பந்து அணிக்கு என்று ஆளாளுக்கு ஒரு ஹோசெலித்தோ நோட்டீஸ். வெளியூர்க்காரன் பார்த்தால் பயந்து நீக்கிவிடுவான். அப்படி நீக்கி நீக்கி ஊரின் கோபத்தைச் சம்பாதித்த பிறகுதான் கம்பெனி உள்ளூர் ஆட்களை எடுத்தது. யொலிமா படத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தொழில்காரிக்குரிய சிறு எரிச்சலோடு இன்னொரு முறை படித்தாள். விதவைகள் பட்டியல் இல்லை, எதனால் செத்தான் என்ற ஆபாசம் இல்லை, ஒரு எதுகைகூட இல்லை. போட்டிக் குழுக்காரர்கள் எவனோ சரக்கில்லாமல் எழுதியிருக்கிறான் என்று நினைத்தாள். தெரிந்தவர்களைப் பற்றிய பதிவை வேறொருவருக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. இந்த அற்ப ஜோக்குக்கு எதற்கு அதெல்லாம்? 'உள்ளூர்க் கேலி. ஹோசெலித்தோ வழக்கம்' என்று குறிப்பெழுதி, விட்டுவை என்று அழுத்திவிட்டு, ஊர்வலம் பார்க்கப் போனாள்.

எங்கள் நாட்டில் மரியாதை சற்று அதிகம். கொல்வதற்கு முன்பே அனுதாபம் தெரிவித்துவிடுவார்கள். உயிரோடிருப்பவன் வீட்டுக்கு, அவன் ஆன்மாவுக்குக் கோவிலில் திருப்பலி வைத்ததாக இரங்கல் அட்டை வரும், சில சமயம் மலர்வளையமும் வரும். அட்டை கிடைத்தவன் ஊரை விட்டுப் போகப் பெட்டி கட்டுவான். கட்டாதவனுக்கு இரண்டாவது வளையத்தை உறவினர்கள் வாங்க வேண்டியிருக்கும்.

ஞாயிறு காலை உபால்தோவின் மனைவி லூதிஸ் யொலிமா வீட்டுக்கு வந்தாள். பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"வியாழக்கிழமை கதவுக்குக் கீழ கிடந்துச்சு. இதுவும் உங்க குழுக்காரங்க வேலையா?"

யொலிமா அட்டையைத் தொடாமல் படித்தாள். உபால்தோவின் ஆன்ம இளைப்பாற்றிக்கு ஒரு திருப்பலி. கெட்டியான நல்ல தாள். கேலிக்கு யாரும் இவ்வளவு செலவு செய்வதில்லை.

"இல்ல," என்றாள். "வலைத்தளத்துல வந்த நோட்டீஸும்..."

"அதையும் அவங்கதான் போட்டிருக்காங்க. நான்தான் அந்த மனுஷனைப் புடிச்சு வச்சுப் புகார் பண்ண வச்சேன். நேத்துப் பதில் வந்துடுச்சு. 'பரிசீலித்தோம், எங்கள் விதிகளை மீறவில்லை'ன்னு. அதிலிருந்து அவரைக் கையில புடிக்க முடியல. போலீஸ்ல புகார் எழுதுற ஆள்கிட்டயும் அந்தப் பதிலைத்தான் காட்டினாரு. அவரும் படிச்சுட்டு, 'அவ்ளோ பெரிய கம்பெனியே ஒண்ணுமில்லங்குது, போய்க் கார்னிவலைப் பாருங்க'ன்னு அனுப்பிட்டாரு. நான் பெட்டி கட்டுறேன், இவரு பிரிச்சுப் பிரிச்சு வைக்கிறாரு. 'விஷயம் தெரிஞ்ச ஆளு எவனோ உட்கார்ந்து பார்த்திருக்கான் லூதிஸ், நீ ஏன் நடுங்குற?'ங்குறாரு."

விஷயம் தெரிந்த அந்த ஆள், மேசையிலிருந்த அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். தான் எந்தப் பதிவைப் பார்த்தோம் என்று வெளியே சொல்வது வேலைக்கு உலை வைக்கும் குற்றம். அதனால் லூதிஸிடம் ஒன்றும் சொல்லாமல், அன்று விடுமுறையாக இருந்தும் கம்பெனிக்கு ஓடினாள். பதிவை நீக்க வைத்துவிட்டால் உபால்தோ தானாக நம்பிவிடுவான் என்று கணக்குப் போட்டாள்.

மேற்பார்வையாளன் ஃபாபியான் பொகோத்தாக்காரன். தலைநகரத்துப் பிள்ளைகளுக்கே உரிய வழக்கப்படி எல்லாரிடமும் வாங்க போங்க என்றுதான் பேசுவான். யொலிமா அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள்.

"தப்புப் பண்ணிட்டேன் தம்பி. இதை எடுத்தாகணும்."

அவன் பார்த்தான். "இதுல தப்பே இல்லையே சென்யோரா. தணிக்கைக்குப் போயிருக்கு. இன்னொருத்தரும் பார்த்துட்டு சரின்னு போட்டிருக்காங்க. உங்க மதிப்பெண் ஏறியிருக்கு."

"அந்த இன்னொருத்தர் எந்த ஊரு?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க. உங்க குறிப்பை வச்சுத்தான் போட்டிருப்பாங்க. ரொம்ப நல்ல குறிப்புன்னு பயிற்சிக்கு எடுத்துக்காட்டா சேர்த்திருக்காங்க. இனிமே இந்தப் படம் எங்க வந்தாலும் மெஷினே விட்டுடும். யாரும் பார்க்க வேண்டியதில்ல."

"தம்பி, இது கேலி இல்ல. மிரட்டல்."

"மிரட்டல்னா மிரட்டுற வார்த்தை இருக்கணுமே. 'நித்திரையடைந்தார்'. இதுல எங்க இருக்கு மிரட்டல்?"

"அவன் நித்திரை அடையலையே. வீட்ல உட்கார்ந்து மீன் சூப்புக் குடிக்கிறான்."

ஃபாபியான் சற்று யோசித்தான். "அப்படின்னா அது பொய்த் தகவல். அது வேற பிரிவு. கார்னிவல் முடிஞ்சு புதன்கிழமை வருவாங்க."

"அடக்கம் செவ்வாய்க்கிழமை, தம்பி."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் குனிந்து மெதுவாகக் கேட்டாள்: "உங்க வீட்ல யாருக்காவது இந்த மாதிரி அட்டை வந்திருக்கா?"

"எங்க மாமாவுக்கு."

"என்ன பண்ணாரு?"

"ஊரை விட்டுப் போயிட்டாரு," என்றான் அவன். பிறகு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல, மேல்முறையீட்டுப் பக்கத்தைத் திறந்து வேகமாக நிரப்பினான். அனுப்பும் இடத்தில் தட்டியதும் திரை சொன்னது: 'இந்தத் தீர்ப்பு சரியானது என உறுதிசெய்யப்பட்டுள்ளது. சரியான தீர்ப்பின் மீது மேல்முறையீடு செய்ய முடியாது.' அவன் இன்னும் இரண்டு வழிகளில் முயன்றான். ஒன்று வேறொரு நாட்டின் ஞாயிற்றுக்கிழமையில் போய் முட்டியது. மற்றது பதில் தர நாளாகும் என்றது. கடைசியில், வேறெதுவும் கொடுக்க இல்லாததால், மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் உளவியலாளரின் எண்ணை எழுதிக் கொடுத்தான். யொலிமா அதை வாங்கிக்கொண்டாள். பொகோத்தாப் பிள்ளைகள் எதைக் கொடுத்தாலும் மறுத்தால் வருத்தப்படுவார்கள்.

திங்கட்கிழமை பகல் எங்கள் தெருவில் ஒத்திகை. எல்லார் முகத்திலும் சோளமாவு, எல்லார் கையிலும் ரம். பழைய பலகைகளில் அடித்த பெட்டிக்குள் உபால்தோ படுத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தான். யொலிமா ஊதா அங்கியோடும் மாவு அப்பிய முகத்தோடும் வந்து சேர்ந்தாள். அங்கியில்லாமல் வந்திருக்கலாம்தான். ஆனால் கார்னிவல் திங்களன்று அவளை வேறு உடையில் யாரும் பார்த்ததில்லை. அவளுக்கே அது தோன்றவில்லை.

"கொம்பாத்ரே, எந்திரி. பேசணும்."

"செத்தவன்கிட்ட என்னடி பேச்சு? அழுவுறதுன்னா அழு."

"அந்த நோட்டீஸ் கேலி இல்ல. 'பரிசீலித்தோம்'னு உனக்கு ஒரு பதில் வந்துச்சுல்ல, அதைப் பார்த்தது நான். நான்தான் விட்டேன். தெரியாம விட்டுட்டேன்."

பெட்டி குலுங்கியது. உபால்தோ சிரித்துக்கொண்டிருந்தான். "கேட்டீங்களாடா? என் சாவை அந்தக் கம்பெனி இவகிட்ட கேட்டுத்தான் முடிவு பண்ணுதாம். இந்த வருஷத்துலயே இதுதாண்டி உச்சம்."

"நான் விளையாடல, உபால்தோ."

குழு கைகூப்பியது: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"உன்னைக் கொல்லப் போறாங்க."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"லூதிஸுக்கு வந்த அட்டையைப் பாருங்கடா. பாவிங்களா, பாருங்கடா."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

அவள் எடுத்துக்கொடுத்த எதற்கும் அவர்கள் இவ்வளவு ஒற்றுமையாகப் பதில் சொன்னதில்லை. இருபது வருடம் அவளே பழக்கிய குழு. அவள் நிறுத்தும் இடத்தில் மூச்செடுத்து, அவள் குரல் உடையும் இடத்தில் குரல் கொடுத்தார்கள். மாவுக்கு நடுவே கண்ணீர் இரண்டு கோடு போட்டது. அதற்கும் கைதட்டினார்கள். ஹோசெலித்தோவுக்கு அழுவதில் அவள் பெயர் பெற்றவள்.

பேசப் பேச நம்ப மாட்டார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. அங்கியைக் கழற்றினாள். மடிக்காமல் கீழே போட்டாள். எதிர்வீட்டு வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு முகத்தைக் கழுவினாள், காது மடல் வரை தேய்த்துக் கழுவினாள். ஒருவர் நீட்டிய ரம் தம்ளரை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு ஒன்றும் பேசவில்லை.

தன் தாயைப் புதைத்த மறுநாள் மாவு பூசிக்கொண்டு வந்து பாடியவள் அவள். கார்னிவல் திங்களன்று அவள் முகத்தின் நிறம் என்ன என்று எங்களில் பலருக்கும் அன்றுதான் தெரிந்தது. ஒலிபெருக்கியை யாரோ நிறுத்தினார்கள். உபால்தோ பெட்டியிலிருந்து காலை வெளியே எடுத்து வைத்து, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நிஜமாவா?"

"நிஜமா."

"பார்த்தப்போ என்ன நினைச்சே?"

"மட்டமான ஜோக்குன்னு நினைச்சேன்."

அவள் தரையில் வைத்த ரம் தம்ளரை அவன் தள்ளி வைத்தான். "அது சரிதான்," என்றான். "ரொம்ப மட்டம்."

அன்று பிற்பகலே போனார்கள். நீள மூக்கும் யானைக் காதும் வைத்த மரிமொந்தா முகமூடி தலை முழுவதையும் மூடிவிடும். அன்றைக்குத் தெருவில் அதைப் போட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். உபால்தோ, லூதிஸ், அவர்கள் பிள்ளை என மூன்று மரிமொந்தாக்கள் பேருந்து நிலையம் போனதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யொலிமா வழியனுப்பப் போகவில்லை. லூதிஸ் அவளிடம் விடை பெறவும் இல்லை. எந்த ஊருக்குப் போனார்கள் என்பது இங்கே தேவையில்லை. பெயர்களையும் தொழில்களையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆக, இதுவும் ஒருவகைப் பொய்த் தகவல்தான்.

செவ்வாய்க்கிழமை பெட்டிக்குள் வைக்கோல் பொம்மை போனது. புதன்கிழமை, சாம்பல் பூசும் நாளன்று, கிழக்கே நெடுஞ்சாலை ஓரம் அடையாளம் தெரியாத ஒரு உடல் கிடைத்தது. உபால்தோ வீடு பூட்டிக் கிடந்தது. ஊர் இரண்டையும் கூட்டிப் பார்த்தது. அதுவரை சிரிப்புக் குறி விழுந்துகொண்டிருந்த நோட்டீஸின் கீழே 'ஆன்மா சாந்தியடையட்டும்' என்று எழுதத் தொடங்கினார்கள். லூதிஸின் அக்கா மறுக்கவில்லை, கறுப்பு உடுத்திக்கொண்டாள். லாரி முதலாளிகள் ஆளுக்கொரு பக்கம், மற்றவன்தான் காரியத்தை முடித்திருக்கிறான் என்று நினைத்து மனதுக்குள் நன்றி சொன்னதாகக் கேள்வி.

யொலிமா மட்டும் நோட்டீஸை இறக்குவதற்கு மனுவுக்குமேல் மனு போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து உபால்தோ பேசினான்.

"அது இன்னும் இருக்கா?"

"இருக்கு, கொம்பாத்ரே. விட மாட்டேன், எப்படியும் எடுத்துடுவேன்."

"எடுக்காத."

"என்ன?"

"அங்க செத்தவனா இருக்குற வரைக்கும் இங்க என்னை யாரும் தேட மாட்டான். மனு போடுறதை நிறுத்து. லூதிஸ் சொல்லச் சொன்னா. உன்கூடப் பேச அவளுக்கு இன்னும் மனசு வரல."

அவள் நிறுத்தினாள். ஆனால் பெரிய நிறுவனங்கள் தாமதமாகக் கேட்டாலும் கேட்டதை மறப்பதில்லை. மழைக்காலத்தில் கம்பெனி 'உண்மை மாதம்' கொண்டாடியது. பப்பாளியோடு அன்னாசியும் வைத்தார்கள். பழைய பொய்களைத் தோண்டியெடுத்து, 'இது தவறான தகவல்' என்று முத்திரை குத்தி, அவற்றைப் பகிர்ந்த எல்லாருக்கும் திருத்தத்தை அனுப்பிவைப்பது திட்டம். யொலிமாவின் பழைய மனுக்களை எந்திரம் நினைவு வைத்திருந்தது. எடுத்துக்காட்டுப் பட்டியலிலிருந்து அந்தப் படத்தை உருவிக்கொண்டுவந்து அவள் திரையிலேயே நிறுத்தியது. கூடவே புதிய ஆதாரம் ஒன்று: நல்ல மனதுக்காரர் எவரோ கீழே எழுதியிருந்தார். 'இவர் சாகவில்லை, கடவுளுக்குத் தோத்திரம். போன வாரம் என் கடையில் ஐஸ் பெட்டியைச் சரிசெய்து கொடுத்தார்.' ஊர் பெயர், கடை பெயர் எல்லாம் இருந்தது.

பொய் என்று குத்தினால், முத்திரையும் அந்த ஆதாரமும் நோட்டீஸைப் பகிர்ந்த அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். அதை முதலில் போட்டவனுக்குத்தான் முதலில் போகும்.

யொலிமா உண்மை என்று அழுத்தினாள். உபால்தோ பெர்த்தெல் இறந்துவிட்டார். நல்ல மனதுக்காரரின் வரியை, துயரத்தில் இருக்கும் குடும்பத்தைப் புண்படுத்தும் பொய்ச் செய்தி என்று வகைப்படுத்தி நீக்கினாள். குறிப்பு எழுதும் இடத்தில் நெடுஞ்சாலை, உடல், சாம்பல் புதன், கறுப்பு உடுத்திய மைத்துனி என்று எல்லாவற்றையும் கோத்து, ஒரு இடத்திலும் எதுகை வராமல் எழுதினாள்.

திரை நன்றி சொன்னது. தணிக்கைக்கு அனுப்பியிருப்பதாகவும் சொன்னது.

அன்றிலிருந்து அவள் சாமியிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். எங்கோ ஒரு ஊரில், காதில் கருவி மாட்டிய யாரோ ஒருவன் முன்னால் அவள் தீர்ப்பு தணிக்கைக்குப் போய் நிற்கும். அவனுக்குத் தூக்கம் வர வேண்டும். பசிக்க வேண்டும். வீட்டிலிருந்து போன் வந்து அவன் அரைக்கண்ணால் பார்த்துச் சரி என்று தட்டிவிட வேண்டும். ஃபாபியான் தட்டில் அன்னாசி கொண்டுவந்து நீட்டியபோது, அவள் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, "தணிக்கையில இப்ப இருக்குறவங்க ரொம்ப கவனமானவங்களா, தம்பி?" என்று கேட்டாள்.

"ரொம்ப," என்றான் அவன், பெருமையாக.

அவள் அந்தத் துண்டைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தாள்.